பச்சை மை வட்டம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அழுக்கு ஆகாது. சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தால் தூக்கம் வராது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐயா, நீங்கள் என்னை ஏதோ கத்தி எடுத்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள். நான் செய்தது சுத்தம் செய்கிற வேலை.

எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில், நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். ஸ்கேனர் அதைப் பெரிய படமாக்கும். புற்று இருக்கிறதா என்று அந்தப் படத்தைப் பார்த்துக் கணினி சொல்லும். அதற்கு முன்னால் படத்தைப் படிப்படியாகத் தயார்செய்கிற மென்பொருள், பைப்லைன் என்பார்கள், நான் கட்டியது. தனித்தனி மாட்யூல்கள். ஒன்று சதை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும், இன்னொன்று மங்கலான பகுதியை ஒதுக்கும், சாயத்தை ஒரே நிறத்துக்குக் கொண்டுவர ஒன்று, தூசி, முடி, பேனாக் கறை எல்லாவற்றையும் வெள்ளையாக்க ஒன்று. எதைக் கழற்றி எதை மாட்டினாலும் பக்கத்தில் இருப்பதற்குத் தெரியாது. குடும்பங்களில் அந்த நாகரிகம் கிடையாது.

அந்த ஆய்வகத்தின் மூத்த டாக்டர் என் மாமனார். சந்தேகமான இடத்தைச் சுற்றிக் கண்ணாடியிலேயே பச்சை மையால் வட்டம் போடுவது அவர் பழக்கம். முதல் சோதனையில் என் மாட்யூல் அந்த மையோடு, வட்டத்துக்குள் இருந்ததையும் சேர்த்து வெள்ளையாக்கிவிட்டது. அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர் சிரித்தார்.

"மாப்பிள்ளை, நான் காட்டுற இடத்தையே பாத்துத் தொடச்சிருக்கீங்களே. கண்ணாடி தொடைக்கத்தான் நீங்க லாயக்கு."

அன்றிலிருந்து என் பெயர் 'தொடைப்பான்'. டீ கொண்டுவருகிறவர்கூட வாய்க்குள் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, பச்சை மையைத் தொடாமல் விடுவதற்கென்று ஒரு சுவிட்ச் வைத்தேன். அதன்பிறகு ஒரு பிழையும் வரவில்லை. அவர் மட்டும் விடவில்லை. வீட்டுக்கு வந்தால், "என்னம்மா சொல்றாரு உன் தொடைப்பான்?" என்பார். என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். அவரை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். வெறுத்தேன்.

பிறகு அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசியால் குத்தித் துணுக்கு எடுத்தார்கள். மாமனார் முதல் ஆளாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். ஆனால் சொந்தக்காரர்களின் தகட்டுக்கு டாக்டர் முடிவு எழுதக் கூடாது என்பது விதி. கணினியும் வெளியூர் டாக்டர் ஒருவரும்தான் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரருக்குப் போவது கண்ணாடி அல்ல. நான் சுத்தம் செய்து அனுப்பும் படம்.

கணினி ஒன்றுமில்லை என்றது. வெளியூர் டாக்டரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு அதையே எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மார்புச் சதையில் கொழுப்பு இருக்கும் இடமெல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும். இன்னும் ஒரு வெள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

மாமனார் ஆய்வகக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"கண்ணாடிய எடுத்துப் பாருங்க. அது அங்கதான் இருக்கு. நான் பாத்தேன்."

நான் அவர் தோளில் கை வைத்தேன். "பெத்தவரு இல்லையா, பதறுறாரு. கொஞ்ச நாள் லீவு குடுங்க" என்றேன். எல்லோரும் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். கண்ணாடி அலமாரிக்குப் போனது, அவர் வீட்டுக்குப் போனார்.

அதோடு விட்டாரா? எங்கள் வீட்டுக்கு வந்து, வேறு இடத்தில் இன்னொரு தடவை சோதித்துவிடலாம் என்று மகளிடம் கெஞ்சினார். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னொரு தடவ குத்தணுமா? நீங்க சொல்லுங்க."

"மெஷினுக்குப் பாசம் கிடையாது. அது பொய் சொல்லாது" என்றேன்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "விடுங்கப்பா. இவரு வேலை இவருக்குத் தெரியும்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவருக்கு எதிராக என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் செத்துப்போனது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். சில நாள் கழித்து நானே பிழையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன், நம்புங்கள். ஆனால் அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் என்னிடமே கேட்டாள். வீட்டில் அந்தப் பட்டப்பெயர் நின்றுபோனது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. முதுகெலும்பு வலி என்று அவள் படுத்தபோது புற்று எலும்புவரை பரவி, எந்த ஊசியாலும் பயனில்லாமல் போயிருந்தது.

அவளுடைய காரியமெல்லாம் முடிந்தபிறகு மாமனார் அலமாரியிலிருந்து அந்தக் கண்ணாடியைத் தேடி எடுத்து உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார். கிழவர் விடாக்கண்டர்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு படத்துக்கு மட்டும் சுவிட்சை அணைத்தது நான்தான். மறுபடி போட்டதும் நான்தான். அணைப்பதற்கு முன்னால் வட்டத்துக்குள் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் இந்தப் படங்களோடு கிடந்தவனுக்கு அது என்னவென்று தெரியாதா? தெரிந்துதான் அணைத்தேன்.

இதையும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பக்கம் அவர் கையை நீட்டினார், மறுபக்கம் நான் நீட்டினேன். அவள் பிடித்தது என் கையை. கடைசிவரை அவள் என் பக்கம்தான் இருந்தாள்.