மாப்பிள்ளை ரத்தத்தில் ஐந்து மணி

சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு முடக்குவாதத்தில் கைவிரல்கள் கோணியிருந்தன. மற்றவள் அவளுடைய தம்பி மனைவி.

"அந்த அஞ்சு மணி உங்க மகனுக்கு இருக்கா மதினி? ஒளிக்காமச் சொல்லுங்க."

"எந்த மணிடி?"

"மதுரை ஆசுபத்திரியில ஒங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாங்கள்ல. புரதம்னா மணி கோத்த மாதிரி இருக்குமாம். ஒரு எடத்துல குறிப்பிட்ட அஞ்சு மணி வரிசையா வந்தா, ஒடம்பே நம்ம மூட்ட அரிச்சுத் திங்குமாம்."

"வர வாய்ப்பு கூடன்னுதான் டாக்டர் சொன்னாரு. இருக்குற அம்புட்டுப் பேருக்கும் வராதாம்."

"அப்ப இருக்கு."

"இருக்கு."

"அத மறைச்சுட்டுத்தான் எம்மகளுக்கு வெத்தலபாக்கு மாத்த நாள் பாத்தீங்களாக்கும்? நாளைக்கு எம்பேரன் பேத்தி கையும் இப்படி ஆகணுமா?"

மூத்தவள் விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்கப்பன் கையப் பாத்திருக்கேல்ல?"

"பாத்திருக்கேன். இதே மாதிரிதான் இருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"அந்தாளு எனக்கு மட்டுமா அப்பன்? ஒம் புருசனுக்கு யாரு? ஒம்மக ரத்தத்துல என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பியபோதுதான், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவளுக்கு ரத்தமெல்லாம் எடுக்க வேணாம் மதினி. வெத்தலபாக்க அந்த நாள்லயே மாத்திக்குவோம்."