சண்டை மூலை

நாத்தனார்: ...இல்ல அண்ணி, சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்.

அண்ணி: வேடிக்கை பார்க்க வந்தவ எதுக்குடி நகத்தைக் கடிக்கிற?

நாத்தனார்: பசி. நீங்க எதுக்கு வந்தீங்க?

அண்ணி: நானும் சும்மாதான். நாப்பது மாடி வீட்டுக் கட்டிடத்துக்குப் போட்டி வச்சு மாடலை எல்லாம் அடுக்கியிருக்காங்க... காலேஜ்ல கட்டிடத்துக்கு வெயிலும் காத்தும் எப்படி வரணும்னு பாடம் நடத்துறவ வராம இருக்க முடியுமா?

நாத்தனார்: முடிவு எப்போ சொல்வாங்களாம்?

அண்ணி: சும்மா வந்தவளுக்கு முடிவு எதுக்கு?

நாத்தனார்: ஒரு பேச்சுக்குக் கேட்டேன். இந்த ஏழாம் நம்பர்... யார் பண்ணதோ, பேரே இல்ல.

அண்ணி: எதுலயுமே இருக்காது. வரைஞ்சவங்க பேர் நடுவருக்குத் தெரியக் கூடாது. நடுவர் யாருன்னும் கடைசி வரைக்கும் வெளிய சொல்ல மாட்டாங்க. நீ சொல்லு, ஏழு எப்படி?

நாத்தனார்: சுமார்தான். வயித்துல ஓட்டை விழுந்த மாதிரி...

அண்ணி: ஓட்டையா? காத்து உள்ள வந்து வெளிய போற வழிடி அது. இந்தப் பக்கம் வா. மேற்குல ஒரு சன்னலாவது இருக்கா பாரு. லிஃப்ட், மாடிப்படி எல்லாத்தையும் அங்க தள்ளிட்டா. சாயங்கால வெயிலை அந்தச் சுவரே வாங்கிக்கும். வீட்டுக்குள்ள...

நாத்தனார்: ...எட்டியே பார்க்காது.

அண்ணி: மத்த பக்கம் மழை பெஞ்சாலும் சன்னலைச் சாத்த வேணாம், மேல மறைப்பு அவ்வளவு நீளம். அந்த எட்டாம் நம்பரைப் பாரு, சுத்தி கண்ணாடி. அதுல குடியிருந்தா மனுஷன் இட்லித் தட்டுல ஊத்தின மாவு மாதிரி வெந்துடுவான்.

நாத்தனார்: 'தள்ளிட்டா'ன்னீங்க. பொண்ணுன்னு எப்படித் தெரியும்?

அண்ணி: அது... வாய்ல வந்துச்சு.

நாத்தனார்: அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இதை...

அண்ணி: சொல்லாத.

நாத்தனார்: இல்ல அண்ணி, ஆபீஸ்ல எனக்கு பாத்ரூம் மட்டும்தான் வரையக் குடுக்குறாங்க. இது மட்டும் எழும்பிடுச்சுன்னா...

அண்ணி: வாயை மூடுடி. மைக்ல சொல்லி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாத.

நாத்தனார்: தட்டுறாங்க... மைக்கைத் தட்டுறாங்க. அண்ணி, கையைப் பிடிச்சுக்குங்க.

அண்ணி: நொறுக்கிடாதடி.

நாத்தனார்: ...ஏழு. ஏழுன்னுதானே சொன்னாங்க? அண்ணி, ஏழுதானே?

அண்ணி: ஏழேதான். இப்பச் சொல்லு, என்னவோ சொல்ல வந்தியே.

நாத்தனார்: நான்தான்... இது நான் பண்ணது. வீட்டுல யாருக்குமே தெரியாது.

அண்ணி: அப்படியா? சுவத்துல மாட்டியிருக்கிற படத்தைப் பாரு. ஒவ்வொரு மாடியிலயும் காத்து வாங்க இடம் விட்டிருக்க இல்ல, அதுல என்ன எழுதியிருக்க?

நாத்தனார்: திறந்த முற்றம்னு... ஐயையோ.

அண்ணி: சத்தமாப் படி.

நாத்தனார்: 'சண்டை மூலை.' வரையும்போது கை அது பாட்டுக்கு எழுதி... மாத்த மறந்துட்டேன்.

அண்ணி: காத்து வர்ற மூலைக்கு நம்ம வீட்டைத் தவிர எந்த வீட்டுலடி அந்தப் பேரு? நீயும் உங்கண்ணனும் அங்க உட்கார அடிச்சுக்கிறதைப் பார்த்து நான் வச்ச பேரு.

நாத்தனார்: சரி, நீங்க ஏன் எழுந்திரிக்கிறீங்க? நடுவர்களைத்தானே மேடைக்குக் கூப்பிடுறாங்க?

அண்ணி: புடவை மடிப்பு சரியா இருக்கா?

நாத்தனார்: அண்ணி... நீங்களா? போச்சு. அப்போ இது நான் ஜெயிச்சதே இல்லையா? நாளைக்கு ஆபீஸ்ல என்ன பேசுவாங்க? அண்ணி தூக்கி விட்டா, நாத்தனார் ஏறிட்டான்னு...

அண்ணி: பேசட்டும். அந்தப் பேரைப் படிச்சதுமே, இது எங்க வீட்டுச் சங்கதி மாதிரி தெரியுது, நான் இதுல கை வைக்க மாட்டேன்னு சொல்லி எழுந்து வெளிய போயிட்டேன். ஏழாம் நம்பருக்கு ஓட்டுப் போடாத ஒரே நடுவர் நான்தான்டி.