நாலாவது தோட்டாவில் நிற்கும் பிஸ்டல்

டெல்பர்ட்: ...அதைத்தான் சொல்றேன் இமோ, இது பிறவிக் கோளாறு. கம்பெனியிலேயே கோணலாப் பொறந்திருக்கு.

இமோஜின்: முனை அந்தப் பக்கம், டெல்பர்ட். மண்மேடு இருக்கிற பக்கம்.

டெல்பர்ட்: காலியாத்தான் இருக்கு.

இமோஜின்: என் சுடுதளத்துல காலித் துப்பாக்கியும் அந்தப் பக்கம்தான் பாக்கும். ம்... இப்ப சொல்லுங்க. என்ன பண்ணுது?

டெல்பர்ட்: மூணு தோட்டா ஒழுங்காப் போகுது. நாலாவதுல நின்னுடுது.

இமோஜின்: எப்படி நிக்குது? புதுத் தோட்டா உள்ள ஏறலையா, சுட்ட ஓடு வெளியே விழலையா?

டெல்பர்ட்: அது அன்னிக்கி அதுக்கு என்ன தோணுதோ அப்படி. ஒரு தடவை காலி ஓடு பாதியில மாட்டிக்கிட்டு, கூரை மேல புகைபோக்கி மாதிரி நிமிந்து நிக்குது. இன்னொரு தடவை புதுத் தோட்டா வாசல்ல மூக்கை இடிச்சுக்கிட்டு, உள்ள வரமாட்டேங்குது. சர்ச்சுக்கு இழுத்துட்டு வந்த பையன் மாதிரி.

வெர்னா: நம்ம பையன் ஓடி வந்து முதல் பெஞ்சுல உக்காருவான். வண்டியை விட்டு இறங்காதது நீ.

டெல்பர்ட்: நீ ஏன் வந்தே வெர்னா? வீட்டுல பீன்ஸ் கொதிக்குதுன்னு சொன்னே.

வெர்னா: இறக்கி வச்சுட்டேன். நீ பாட்டுக்குப் பேசு, நான் சும்மா உக்காந்திருக்கேன்.

இமோஜின்: வெள்ளிக்கிழமைதானே உங்களுக்குச் சுடுற பரீட்சை?

டெல்பர்ட்: வெள்ளி காலை ஒம்போது மணி. முப்பது தோட்டாவுல இருபத்தஞ்சு கோட்டுக்குள்ள விழணும். இல்லைன்னா கோர்ட் வாசல் காவலுக்கு வேற ஆள். இருபத்திரெண்டு வருஷம் அந்த வாசல்ல நின்னிருக்கேன் இமோ. என் ரிவால்வரால சுட்டவரைக்கும் ஒரு வருஷம்கூட நான் தவறினதில்ல. இப்ப புது ஷெரிஃப் வந்து, எல்லாரும் இந்தக் குட்டிப் பிஸ்டலைத்தான் வச்சுக்கணும்ங்கிறார்.

வெர்னா: அவன் பொறந்தப்ப தொட்டில் போர்வை நான் பின்னிக் குடுத்தது. 'ஷெரிஃப்' ஆம்.

இமோஜின்: சரி. பெட்டியிலேருந்து எடுத்ததும் நல்லாத் துடைச்சீங்களா? துருப்பிடிக்காம இருக்க ஒரு பசை பூசி அனுப்புவாங்க.

டெல்பர்ட்: துடைச்சேன்.

வெர்னா: என் தலையணை உறையால.

டெல்பர்ட்: பழைய உறை.

வெர்னா: நீ துடைச்சப்புறம் பழசு.

இமோஜின்: எண்ணெய் போட்டீங்களா?

டெல்பர்ட்: போட்டேனே.

இமோஜின்: என்ன எண்ணெய்?

டெல்பர்ட்: ...எண்ணெய்தான்.

இமோஜின்: டெல்பர்ட்.

டெல்பர்ட்: அடுப்புகிட்ட ஒரு டப்பாவுல இருந்தது.

வெர்னா: பன்றிக்கறி வறுத்து வடிச்ச கொழுப்பு. ஒரு வாரமா நாய் துப்பாக்கிப் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குது.

டெல்பர்ட்: எங்கப்பா அதைத்தான் போடுவார்.

இமோஜின்: உங்கப்பா கோடாலிக்குப் போட்டிருப்பார்... இருங்க, கழட்டிப் பாக்கிறேன். ம். உள்ள கொழுப்பு எதுவும் இல்லையே. நல்ல எண்ணெயாத்தான் இருக்கு, அளவாவும் இருக்கு.

டெல்பர்ட்: அப்படியா? அது... சுட்ட சூட்டுல எரிஞ்சுபோயிருக்கும்.

வெர்னா: எரிஞ்சிருக்கும், எரிஞ்சிருக்கும்.

இமோஜின்: தோட்டா யாருது?

டெல்பர்ட்: லாயல் குடுத்தான். வெர்னாவோட தம்பி. அவனே வீட்டுல வெடிமருந்து நிரப்பினது.

இமோஜின்: அதைத் தூர வைங்க. மருந்து குறைஞ்சா மேல இருக்கிற இந்த ஸ்லைடு முழுசாப் பின்னாடி போகாது. போகலைன்னா காலி ஓடு எப்படி வெளியே விழும்?

டெல்பர்ட்: கேட்டியா வெர்னா? உன் தம்பிதான் காரணம்.

வெர்னா: நம்ம வீட்டுக் கூரை ஒழுகினதுக்கும் அவன்தான் காரணம்னே. மழை பெஞ்சதுக்கும் சொல்லிடு.

இமோஜின்: இந்தாங்க, என்கிட்ட இருக்கிற கம்பெனித் தோட்டா. தோட்டாவை அடுக்கி மேகஸினை உள்ள தள்ளுங்க... அப்படி இல்ல. அடியில உள்ளங்கையால ஒரு தட்டு. 'டக்'னு சத்தம் வரணும். பாதியில நின்னா தோட்டா ஏறாது.

டெல்பர்ட்: தட்டினேன்.

இமோஜின்: நீங்க தடவினீங்க. கன்னுக்குட்டியா அது? ம்... இப்ப சரி. காதுமூடி போட்டுக்கோங்க. வெர்னா, நீங்களும். சுடுங்க.

டெல்பர்ட்: ஒண்ணு... ரெண்டு... மூணு... பாத்தியா. மறுபடியும் புகைபோக்கி. நான் சொன்னேன்ல?

இமோஜின்: விரலை விசையிலேருந்து எடுங்க. மேகஸினைக் கழட்டுங்க. ஸ்லைடை இழுத்து, மாட்டின காலி ஓட்டைக் கீழ விடுங்க. என்கிட்ட குடுங்க... நான் சுடுறேன்.

டெல்பர்ட்: சுடு. நாலாவதுல நிக்கும், பாரு.

இமோஜின்: ...பத்து. நிக்கல.

டெல்பர்ட்: உன் சுடுதளத்துல இருக்கோம்ல, பயந்துபோய்ச் சுட்டிருக்கும்.

இமோஜின்: வெர்னா, வாங்க.

டெல்பர்ட்: வெர்னாவா? அவ இதைத் தொட்டதே இல்லையே.

வெர்னா: எங்கப்பா வீட்டுல அணில் வேட்டைக்கு யார் போனதுன்னு நினைச்சே? தள்ளு. இமோ, இந்தக் கையை இப்படித்தானே?

இமோஜின்: அப்படித்தான். ரெண்டு கையும் நல்லா மேல ஏத்தி... அழுத்தி. ஆங்.

வெர்னா: ...பத்து. நல்ல பிஸ்டல்தான். மெதுவா உதைக்குது.

டெல்பர்ட்: இந்தப் பிஸ்டலுக்குப் பொம்பளைங்களைத்தான் பிடிக்குது. குடு. இன்னொரு தடவை நான்.

இமோஜின்: சுடுங்க.

டெல்பர்ட்: ஒண்ணு... ரெண்டு... சே. ரெண்டுலயே நின்னுடுச்சு. இந்தத் தடவை தோட்டா மூக்கை இடிச்சுக்கிட்டு நிக்குது. காத்து வேற இந்தப் பக்கமா அடிக்குது இன்னிக்கி.

இமோஜின்: காத்தா?

டெல்பர்ட்: காத்துதான். நான் போய் அந்த மூலை மேசையில சுட்டுப் பாக்கிறேன். அங்க மறைவா இருக்கு.

இமோஜின்: போங்க. முனை கீழ, விரல் வெளியே.

வெர்னா: ...இமோ. சொல்லிடலாமா?

இமோஜின்: நீங்கதான் சொல்லணும் வெர்னா. நான் சொன்னா நல்லா இருக்காது. ஷ்ஷ்... அவர் காதுல விழப்போகுது.

வெர்னா: காதுமூடி போட்டிருக்கான். விழாது. செவ்வாய்க்கிழமை நான் இதை எடுத்துட்டு வந்து நூறு தோட்டா சுட்டது தெரிஞ்சா, ஒரு வாரம் என்கூடப் பேசமாட்டான்.

இமோஜின்: ஒண்ணுகூட நிக்கலையே அன்னிக்கி. கொழுப்பைக் கழுவினதோட சரி. பிஸ்டல்ல ஒரு குறையும் இல்ல.

வெர்னா: கையிலதான் குறை. அவனுக்கே தெரியும். ஒத்துக்கமாட்டான்.

டெல்பர்ட்: விழுது.

வெர்னா: ...என்ன விழுது?

டெல்பர்ட்: காதுல விழுது. எல்லாம். இந்தக் காதுமூடி வெடிச்சத்தத்தை மட்டும்தான் அடைக்கும். பேச்சைப் பெருசாக்கிக் காட்டும். கிறிஸ்மஸுக்கு நீதான் வாங்கிக் குடுத்தே.

வெர்னா: ...கடைக்காரன் இதைச் சொல்லவே இல்ல.

டெல்பர்ட்: செவ்வாய்க்கிழமையா?

வெர்னா: நீ கோர்ட்டுக்குப் போயிருந்தே. பழைய ரிவால்வரோட.

டெல்பர்ட்: நூறு தோட்டாவா?

வெர்னா: நூத்திப்பத்து. கடைசிப் பத்து ஆசைக்கு.

டெல்பர்ட்: எனக்குத் தெரியாம என் பிஸ்டலைத் தூக்கிட்டு... இமோ, நீயும் கூட்டு.

இமோஜின்: உக்காருங்க டெல்பர்ட். பிஸ்டலை மேசை மேல வைங்க. நான் ஒண்ணு சொல்றேன், கோவிக்காம கேளுங்க. உங்க ரிவால்வர் இருக்கே, அதுக்கு உங்க கையைப் பத்திக் கவலையே இல்ல. நீங்க விசையை அழுத்தினா சக்கரம் சுத்தும், அவ்வளவுதான். இது அப்படி இல்ல. சுட்ட வேகத்துலதான் இதோட ஸ்லைடு பின்னாடி போய், காலி ஓட்டை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ள இழுக்கும். அதுக்குக் கை அசையாம நிக்கணும். கை தளர்ந்து பின்னாடி போனா, ஸ்லைடும் கையோட சேந்து வந்துடும். முழு ஓட்டம் ஓடாது. சின்னப் பிஸ்டல்ல இன்னும் மோசம்.

டெல்பர்ட்: புரியல.

இமோஜின்: பந்தைச் சுவத்துல அடிச்சா துள்ளி வரும். கொடியில காயிற போர்வையில அடிச்சா?

டெல்பர்ட்: என் கையைப் போர்வைங்கிறே.

இமோஜின்: நான் பேச்சுக்குச் சொன்னேன்.

டெல்பர்ட்: அந்தக் காலத்துல இருபது டன் நிலக்கரி லாரியை மலையிறக்கத்துல பிடிச்சு நிறுத்தின கை இது.

வெர்னா: அது உண்மைதான் இமோ. நானும் ஒரு தடவை கூட உக்காந்திருந்தேன். கண்ணை மூடிக்கிட்டு.

இமோஜின்: என் கையைக் குலுக்குங்க பாக்கலாம். இறுக்கி.

டெல்பர்ட்: எதுக்கு?

இமோஜின்: சும்மா.

டெல்பர்ட்: இந்தா.

இமோஜின்: இறுக்கச் சொன்னேன்.

டெல்பர்ட்: ...இறுக்கிட்டுத்தான் இருக்கேன்.

இமோஜின்: ...சரி. விடுங்க.

டெல்பர்ட்: சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும். இருக்கா இல்லையான்னே தெரியல. சில நாள் காபிக் கோப்பையைப் பிடிச்சிருக்கேனான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன்.

இமோஜின்: எப்பத்திலேருந்து?

டெல்பர்ட்: நவம்பர்.

இமோஜின்: டாக்டர்கிட்ட போனீங்களா?

டெல்பர்ட்: போனா அவர் எழுதுவார். எழுதினா ஷெரிஃப் படிப்பார். ஒரு கேக் வெட்டி, பலகையில என் பேரைப் பொறிச்சுக் குடுத்து, போய்ட்டு வாங்கன்னு சொல்வாங்க. அந்த வாசல்ல நிக்கலைன்னா நான் எங்க போய் நிக்கிறது? சமையலறையிலயா?

வெர்னா: வேணாம். அங்க நான் நிக்கிறேன். உனக்கும் எனக்கும் சேத்து இடம் பத்தாது.

டெல்பர்ட்: விளையாடாதே வெர்னா.

வெர்னா: விளையாடலை. நீ வேலையை விட்டுட்டு வீட்டுல நாள் முழுக்க இருந்தா, மூணாவது நாள் நான் ஷெரிஃப் ஆபீஸ்ல வேலைக்கு மனுப் போட்டுடுவேன். அதனாலதான் இவ்வளவு பாடு.

இமோஜின்: எங்க பெரியப்பாவுக்கு இதே ரெண்டு விரல்தான், டெல்பர்ட். முழங்கையில நரம்பு நசுங்கியிருந்தது. சின்னதா அறுத்துச் சரி பண்ணினாங்க. இப்ப இலையுதிர் காலத்துல மான் வேட்டைக்கு என்னைவிட முன்னாடி போறார். உங்களுக்கும் அதேதான்னு நான் சொல்லல. அதைச் சொல்றவங்க பாத்துச் சொல்லட்டும்.

டெல்பர்ட்: பாக்கிறதுக்கு எங்க நேரம்? இன்னிக்கி சனி. வெள்ளிக்கிழமை பரீட்சை.

வெர்னா: வெள்ளிக்கிழமை இல்ல.

டெல்பர்ட்: என்ன இல்ல?

வெர்னா: உனக்கு வெள்ளிக்கிழமை இல்ல. ஜூன் மாசம் ரெண்டாவது வாரம். தள்ளி வச்சாச்சு. புதன்கிழமை சர்ச் விருந்துல ஷெரிஃப்கிட்ட பேசினேன். டாக்டர் கடிதம் வந்தா போதும்னான். அதுவரைக்கும் நீ வாசல்லதான் இருப்பே. துப்பாக்கி இல்லாம, பை சோதிக்கிற மேசையில.

டெல்பர்ட்: அவர்கிட்ட சொல்லிட்டியா? என் கையைப் பத்தி?

வெர்னா: ரெண்டு தட்டு பீச் பழக் கேக்கு வச்சுட்டுச் சொன்னேன். பாதிக் கேக்குலயே சரின்னுட்டான். திங்கக்கிழமை பத்தரைக்கு டாக்டர். அதுவும் சொல்லி வச்சாச்சு.

டெல்பர்ட்: ஆக, உனக்குத் தெரியும். இமோவுக்குத் தெரியும். ஷெரிஃப்புக்குத் தெரியும். ஊருக்கே தெரிஞ்சப்புறம் கடைசியா எனக்குத் தெரியுது.

வெர்னா: உனக்குத்தான் முதல்ல தெரியும், டெல்பர்ட். நவம்பர்லேருந்து.

இமோஜின்: நான் போய்க் காபி போடட்டுமா?

டெல்பர்ட்: இரு. ஒரு மேகஸின் நிரப்பு. வலது கையில விரல் இல்லைன்னா இடது கைக்கு என்ன கேடு? இடது கையால பிடிச்சு, வலது கையை அணைப்புக்குக் குடுத்தா?

இமோஜின்: குடுத்துப் பாருங்க. குறி எங்க போகும்னு தெரியாது. பிஸ்டல் நிக்காது.

டெல்பர்ட்: ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஆறு...

வெர்னா: சுடு, நிறுத்தாதே.

டெல்பர்ட்: ...பத்து. நிக்கல இமோ. பத்தும் போச்சு.

இமோஜின்: போச்சு. மூணு என் வேலிக் கம்பத்துல போச்சு.

டெல்பர்ட்: ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கு... ஆனா வெர்னா, ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. இது வெளியே தெரியாம நான் எவ்வளவு கவனமா இருந்தேன். சட்டைப் பித்தானைக்கூட கதவைச் சாத்திக்கிட்டுத்தான் போட்டேன். கைப் பலத்துலயும் குறை வைக்கல. ஊறுகாய் பாட்டில், பீச் பாட்டில், எதை நீட்டினாலும் உன் கண் முன்னாடி ஒரே திருகுல திறந்து குடுத்தேன். அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிச்சே?

வெர்னா: கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஒரு நாள் நீ கொட்டகையில தனியா ஒரு பாட்டிலோட மல்லுக்கட்டிட்டு, திறக்க முடியாம அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தே. ஜன்னல் வழியாப் பாத்தேன். மறுநாள்லேருந்து வீட்டுல இருக்கிற எல்லா பாட்டிலையும் நான் முன்னாடியே திறந்து, லேசா மூடித்தான் உன்கிட்ட நீட்டுறேன்.