வெள்ளைச் சேறு

— நெசத்தச் சொல்லுங்க அமிர்தநாதன். தொட்டியில சுண்ணாம்பு போடறத நிறுத்தி எத்தன நாளாச்சுங்க?

— ஒரு நாளும் நிறுத்தல அண்ணாச்சி. காலைல ஆறு மணிச் சங்கு ஊதுன ஒடனே ரெண்டு மூட்ட. இந்தா, கையப் பாருங்க. தோலு வெந்து உரிஞ்சு கெடக்கு. சுண்ணாம்பு போடாதவன் கையா இது?

— கையக் காட்டி என்னைய ஏய்க்காதீங்க. ரெண்டு மாடு போச்சுங்க எனக்கு. ஒண்ணு செனை மாடு. குளத்துல வாய் வெச்சுட்டு மேடேறி வாரதுக்குள்ள காலு பின்னிக்கிச்சு. சின்னையன் ஊட்டு மாடு சுருண்டு கெடக்குதுன்னு காந்தலூரே வந்து பாத்துப்போட்டுப் போச்சு.

— மாதாவே! எப்ப?

— முந்தாநேத்து. என்ற ஊட்டுக்காரி மருதாத்தா போட்ட சத்தத்துல, பூண்டு நட்டுக்கிட்டு இருந்தவன் அப்படியே உட்டுப்போட்டு ஓடுனனுங்க. போயிப் பாத்தா கண்ணு நெலகுத்திப் போச்சு. மிச்சம் இருக்கற ஒரு மாடு கட்டுத்தறியில தாகத்துக்குக் கத்துது. அதுக்கு ஒரு வாளி மோந்து வெக்க எனக்குக் கை வரமாட்டீங்குது.

— தண்ணி எப்படிக் கெடக்கு?

— பச்சப் பெயிண்டக் கரைச்சு ஊத்துனாப்புல. தொட்டா கையில ஒட்டுது. நாத்தம் கொடலப் புடுங்குது. உங்க எஸ்டேட் சாக்கடை வந்து சேர்றதுக்கு முன்னால இந்தக் கருமமெல்லாம் நாங்க கண்டதே இல்லீங்க.

— அது வெசப் பாசி அண்ணாச்சி. இஞ்சினியர் அன்னைக்கே சொன்னாரு. மாட்டுப்பட்டி கழுவுத தண்ணி, ஆஸ்பத்திரித் தண்ணி, லயத்து வீடுகளோட கக்கூஸ் தண்ணி, எல்லாத்துலயும் மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ் உரம், கெடக்கு. அத அப்படியே ஓடையில விட்டா பாசி தின்னு கொழுக்கும். சுண்ணாம்பு போட்டா மணிச்சத்து அதுகூடச் சேந்து அடியில வெள்ளையாப் படியும். தெளிஞ்ச தண்ணி மட்டும் வெளிய போவும். அதுக்குத்தானய்யா இந்தத் தொட்டியே கட்டுனது.

— எனக்கே பாடம் எடுக்கறீங்களா? அந்த வெள்ளைச் சேத்த மொதமொதல்ல வண்டி கட்டி எடுத்துட்டுப் போனவனே நாந்தானுங்க. கடையில சூப்பர் பாஸ்பேட் உரம் வெல ஏறிப்போயி, சித்தூர்ல என்ற பங்காளிக ஒரு மூட்டைக்கு நாயா அலைஞ்ச வருசம். நான் இங்க சும்மா அள்ளிட்டுப் போனேன். பூண்டு ஒவ்வொரு பல்லும் கட்டவெரல் தண்டி வந்துது.

— அன்னைக்கு என்னைய வீட்டுக்குக் கூப்புட்டு கறிச்சோறு போட்டீய. மறக்கல.

— அந்தப் பழக்கத்துக்குத்தான் முன்னால ஓடி வந்தனுங்க. பொறகால ஊரே வந்துக்கிட்டு இருக்குது. கடப்பாற, சம்மட்டி எல்லாம் தூக்கிட்டு.

— எதுக்கு?

— தொட்டிய ஒடைக்க. தொட்டியோட நிப்பாங்கன்னும் நெனைக்காதீங்க. குப்பண்ணன் பொண்ணு அவுங்க குளத்துத் தண்ணியக் குடிச்சுட்டு மூணு நாளா வாந்தி. கண்ணு மஞ்சளாயிப் போச்சு. விடிகாலம் அவ ஆத்தா ஜீப்புல போட்டு மூணாறுக்குக் கொண்டு போயிருக்கறா. குப்பண்ணன் இப்ப மனுசனா இல்லீங்க.

— எந்தப் புள்ள? உங்க வண்டியில குந்திக்கிட்டு வருமே, சிரிச்ச மொகமா, அதுவா?

— அதேதானுங்க.

— சேசுவே, அந்தப் புள்ளையக் காப்பாத்தும்.

— அதனாலதான் கேக்கறேன். தப்பு நடந்துருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. இப்படியே தேயிலக் காட்டுக்குள்ள எறங்கிப் போயிருங்க. அவங்கள நான் பாத்துக்கறேன்.

— தப்பு செஞ்சவன்ல ஓடணும்? எம் பொஞ்சாதி பிலோமியும் ரெண்டு புள்ளையளும் லயத்துல இருக்கு. அதுகள விட்டுட்டு நான் எங்க ஓட? அண்ணாச்சி, உங்க கால்ல வேணா விழுதேன், தொட்டிய ஒடைக்க விட்டுராதீய. மழை, அப்பறம் நடவுன்னு வண்டி வராம மூணு மாசச் சேறு உள்ள கெடக்கு. செவரு போச்சுன்னா அம்புட்டும் ஓடையில எறங்கி நேரா உங்க ஊருக்குத்தான் வரும்.

— பயமுறுத்தறீங்களா?

— பயந்து போயிச் சொல்லுதேன். இங்கன வாங்க. இது தொட்டிய விட்டு வெளிய போற தண்ணி. இன்னைக்குக் காலைல போத்தல்ல புடிச்சேன். வெயிலுல தூக்கிப் பாருங்க.

— தெளிவாத்தான் இருக்குது. அதுக்கு? வெசத்துக்கு நெறமா இருக்குது?

— சரி, வேற ஒண்ணு கேக்குதேன். கோவிச்சுக்காம பதில் சொல்லுங்க. இந்த ஓடைத் தண்ணி உங்களுக்கு முன்னால யாரு குளத்துல பாயுது?

— வேதமுத்து குளத்துல.

— அவன் மாடு செத்துச்சா?

— இல்லீங்க.

— அவன் குளம் பச்சையா?

— இல்ல. நேத்து அந்த வழியாத்தான் போனேன், மீனு துள்ளுது. அவன் நல்ல நேரம்.

— நல்ல நேரமாவது, கெட்ட நேரமாவது. அவன் குளத்துக்கும் உங்க குளத்துக்கும் நடுவுல ஓடையில என்ன வந்து கலக்குது?

— ஒண்ணுமில்லீங்க. வெறும் பாற.

— உங்க குளத்துல பாசி எங்க ஜாஸ்தி? ஓடை வந்து விழுத எடத்துலயா?

— அங்க அவ்வளவா இல்லீங்க. கெழக்குக் கரையோரந்தான். தோசை மாவாட்டம் மெதக்குது.

— கெழக்குக் கரையில என்ன இருக்கு?

— என்னங்க இருக்குது. மாடு எறங்கற வழி. அதுக்கு அக்கட்டால நம்ம சேத்துக் குமி.

— எந்தச் சேறு?

— வெள்ளைச் சேறுதானுங்க, வேற எது? காஞ்சா கல்லா எறுகிப் போகுது, மம்முட்டி எறங்கமாட்டீங்குது. அதனால தண்ணியோரமாக் குமிச்சு வெச்சு, தெனம் நாலு கொடம் மோந்து ஊத்தி, பதமா வெச்சுக்கறது. வேணுங்கறப்ப வெட்டிக்கலாம்.

— எத்தன வண்டி?

— இருவது, இருவத்தஞ்சு இருக்குமுங்க. ஏனுங்க?

— ஊத்துத தண்ணி எங்க வடியுது?

— அந்தத் தண்ணிக்கு என்னங்க இப்ப?

— கேட்டதுக்குச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்க வடியுது?

— குளத்துக்குத்தான். வேற எங்க வடியும்?

— போன மாசம் பேஞ்ச மழையில குமி என்ன ஆச்சு?

— பாதி கரைஞ்சு போச்சுங்க. மருதாத்தா கூடச் சொன்னா, அள்ளி மேட்டுல போடுங்கன்னு. நடவு முடியட்டும்னு இருந்துட்டேன். அதுக்கப்பறம் மூணு வாரமா நல்ல வெயிலு... அட ஆண்டவா. பழனியாண்டவா!

— இந்தக் கை வெந்து நான் தண்ணியிலருந்து பிரிச்சு எடுத்தேன் அண்ணாச்சி. நீங்க வண்டி கட்டிக் கொண்டு போயி திரும்பத் தண்ணியிலயே கரைச்சுட்டீய.

— தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க! மண்ணுக்கு நல்லது தண்ணிக்குக் கெட்டதுன்னு ஆரு கண்டா? உரந்தானேன்னு இருந்துட்டனே!

— நானும் கேட்டிருக்கணும். வண்டி நேரா தோட்டத்துக்குப் போவுதுன்னு நெனச்சுக்கிட்டேன். குப்பண்ணன் அண்ணாச்சி எங்க கொட்டியிருக்காரு?

— அவனும் குளத்தங்கரையிலதான். அவன் கெழக்கால மேட்டுல கொட்டலாம்னுதான் சொன்னான். கிறுக்கா உனக்கு, தண்ணிக்கு எத்தன நட நடப்பேன்னு நாந்தான் கரைக்கு ஓட்டச் சொன்னேன். எப்படி நனைக்கோணும்னு கூட நின்னு காட்டிக் குடுத்தேன். அந்தப் புள்ளதானுங்க தெனம் கொடத்துல மோந்து மோந்து ஊத்தும்.

— வேற யாரு கரையில கெடக்கு?

— அஞ்சு ஊடு. அத்தனையும் என்ற பேச்சக் கேட்டுத்தான். தெரிஞ்சுதுன்னா என்னைய உசுரோட உடுவாங்களா?

— இப்ப அத நெனைக்காதீய. அவுக வந்ததும் நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாக. எஸ்டேட்காரன் தப்பிக்கப் பேசுதான்னுதான் நெனப்பாக. இன்னைக்கே சேத்த அள்ளி மேட்டுல போடணும், ஒரு உசுரு குளத்துல எறங்கக் கூடாது. அந்தா மேகத்தப் பாருங்க, சாயங்காலத்துக்குள்ள மழ எறங்கிரும்.

— சொல்றனுங்க.

— தெரியாமச் செஞ்சதுதானே. அழுது சொல்லுங்க, மனுசங்கதானே, கேப்பாக. பக்கத்துல நான் நிக்குதேன்.

— சொல்றனுங்க அமிர்தநாதன். உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்புடோணும். ஏனுங்க, சத்தம் கேக்குதே... வந்துட்டாங்க.

— வாங்க குப்பண்ணன் அண்ணாச்சி. கடப்பாறையக் கீழ போடுங்க. மொதல்ல சின்னையன் அண்ணாச்சி சொல்லுதத ஒரு நிமிசம் கேளுங்க.

— நீ வாயத் தொறக்காதே! பாதி வழியிலயே ஜீப்பு திரும்பிருச்சு. மூணாறு போய்ச் சேரலடா என்ற கண்ணு. அவ ஆத்தா மடியிலயே போயிட்டா. டேய் சின்னையா, நீதான முன்னால வந்த? ஆரு பண்ணுன வேல இது? இவன் என்ன சொல்றான்?

— சொல்லுங்க அண்ணாச்சி.

— பேசுடா சின்னையா!

— இவன் ஒத்துக்கிட்டான் குப்பண்ணா. மாசக்கணக்கா சுண்ணாம்பே போடலையாமா. ஒடைங்க.