சுண்டு விரல்

பீன்யாவில் மெட்ரோ ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை. இளையவள் கையிலிருந்த போனை முறைத்தாள்.

“இது என்னை ஆளாவே மதிக்க மாட்டேங்குதுக்கா.”

“புதுசா?”

“இல்லக்கா, பழசை சரி பண்ணி விக்கிறாங்களே, அது. கேமரா, ஸ்பீக்கர், சார்ஜ் எல்லாம் செக் பண்ணிட்டேன், சூப்பரா இருக்கு. என் விரலை மட்டும் எடுக்கவே இல்ல. திருப்பிக் குடுக்கத்தான் கடைக்குப் போறேன். வாங்க மாட்டேன்னுட்டா?”

“ஸ்வல்ப இரு, கொஞ்சம் பொறு. என் விரலைச் சேத்துப் பாக்கலாம்.”

மூத்தவள் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்தாள். போன் டிங்கென்றது.

“பாத்தியா, எடுத்துக்குச்சு. நான் பேக்கிங்ல இருக்கேன். நீ நாள் பூரா உப்புத்தாள் போட்டு இரும்பைத் தேய்க்கிறவ. உன் விரல்ல ரேகை எங்கடி இருக்கும்? சுண்டு விரலை வை.”

இளையவள் வைத்தாள். அதற்கும் டிங்.

“அப்பாடா! நல்ல போன்தான்கா.” போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஸ்ரீராம்புரம் வந்தது. இனி கடைக்குப் போக வேண்டியதில்லை; இருவரும் இறங்க எழுந்தார்கள். கதவருகே மூத்தவள் சொன்னாள்:

“அந்த ஒரு விரலையாவது கம்பெனிக்குக் குடுத்துடாதே.”