மரத்துக்குள் இருக்கும் மிஷினுக்கு ஒரு டீலர்

இரண்டே தென்னை நிற்கும் வீட்டுக்கு மரம் அறுக்கும் மிஷின் வாங்கிப் போட்டவன் நான். வீடியோவில் அதைப் பிடித்திருந்தவர் நின்ற தோரணை பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

காரக்கோணத்திலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ்ஸில், முன் சீட்டில் என் மிஷின் கம்பெனியின் பெயர் கேட்டதும் பேப்பரைத் தாழ்த்தினேன். இரண்டு பேர். இளையவர் சட்டையில் மரத்தூள்.

"டீலர் ஒருத்தனும் இல்ல அண்ணா. களியக்காவிளையில கேட்டா கேரளத்தில பாருங்கான். பாறசாலையில கேட்டா மார்த்தாண்டம் போவச் சொல்லுதான். இனி நெய்யாற்றின்கரையாக்கும்."

"மிஷின் எங்கலே?"

"மரத்துக்குள்ள."

அண்ணன் முழுதாகத் திரும்பி இளையவரைப் பார்த்தார்.

"மச்சினன் வீட்டு அயினி மரத்தைப் பாதி அறுத்தப்ப மிஷின் இறுகிப்போச்சு. வேற பிளேடும் செயினும் கிட்டினா மறுபக்கம் அறுக்கலாம். மரம் அவனுக்க அடுக்களைக்கு மேல சாஞ்சு நிக்குது."

"வேற ஆளைக் கூப்பிடப்பிடாதா?"

"பாதி அறுத்த மரத்தில ஒருத்தனும் கை வைக்கமாட்டான்."

"அப்ப மச்சினன்?"

"குடும்பத்தோட எனக்க வீட்டிலயாக்கும். நேத்து ஃப்ரிட்ஜும் வந்தாச்சு."

"மக்கா, சீக்கிரம் டீலரைக் கண்டுபிடி. அடுத்தது கட்டிலு வரும்."

அதே பிளேடும் அதே செயினும் என் வீட்டில் சும்மா கிடக்கின்றன. சொல்ல வாய்வரை வந்தது. எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டால்? பேப்பரை உயர்த்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குற்ற உணர்ச்சியோடு சொன்னேன்.

"வாயைத் திறக்காதது நல்லதாப் போச்சு," என்றாள். "மிஷினை எனக்க தம்பி ஓணத்துக்கு முந்தியே கொண்டு போயாச்சு. அது வந்த பெட்டியில இப்ப கோழியாக்கும் அடை கிடக்குது."