முழுப்பெயர்

எங்கள் கடற்கரையில் பெயர்கள் நீளம் சார். தாத்தா பெயர், புனிதர் பெயர், ஞானத்தகப்பன் பெயர் எல்லாம் சேர்ந்து கடைசியில் பர்னாந்து வரும். ஆபீசில் யாரும் முழுசாக எழுதுவதில்லை. என் கூட்டாளி ரெக்சனும் அங்கே வெறும் ரெக்சன்தான்.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு. கம்ப்யூட்டர் பொறுப்பு எனக்கு, சூப்பர்வைசர் வேலை அவனுக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக்கு இங்கே பூச்சிமருந்துப் புகை போடுவார்கள். அது ஆளையும் கொல்லும். கதவில் ஒட்டும் எச்சரிக்கைத் தாளை உப்புக்காற்று உரித்துவிடுவதால் எல்லோரும் செல்போன் திரையைத்தான் நம்புவோம். சிவப்பு என்றால் தொடக்கூடாது, பச்சை என்றால் திறக்கலாம்.

எங்கள் டேட்டாபேஸில் ஓர் ஓட்டை இருந்தது. திறக்கப்போகிற ஆளின் பெயருக்கு ஒதுக்கிய இடம் சின்னது. நீளமாக அடித்தால் மிச்ச எழுத்துகள் வழிந்து பக்கத்து இடத்தை அழித்துவிடும். பக்கத்தில் இருந்தது அந்தச் சிவப்புக் குறி. அது போனால் திரை பச்சை காட்டும். சரிசெய்யும் அப்டேட் எப்போதோ வந்துவிட்டது. போட்டுவிட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தேன். போடவில்லை. சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

ரெக்சன் கண்டுபிடித்துவிட்டான்.

"ஏலே, நாளைக்கு மேனேஜர்ட்ட சொல்லிருவேன்."

"என் வேல போயிரும்ல."

"ஆளு செத்தா என்னல செய்வ?"

நியாயமான கேள்வி. அவன் எப்போதும் நியாயமாகத்தான் பேசுவான். எனக்கு அவனிடம் பிடிக்காதது அது ஒன்றுதான்.

அவன் கல்யாணத்துக்குக் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோதே அவன் முழுப்பெயர் எனக்கு மனப்பாடம். நான்தான் மாப்பிள்ளைத் தோழன். அவன் அப்படிக் கேட்ட மறுநாள் காலை, முந்தின நாள் வேறு ஆட்கள் புகை போட்டு இன்னும் சிவப்பில் இருந்த கன்டெய்னரை அவனுக்கு ஒதுக்கினேன். ரெக்சன் மிக்கேல் கஸ்பார் சவேரியார் தொம்மை பர்னாந்து. ஒரு எழுத்தும் விடாமல் மரியாதையாக அடித்தேன். அதைத் தாங்காத மென்பொருளை எழுதியவர்களைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

பிறகு அவனிடம், "நேத்து சாயங்காலமே அப்டேட் போட்டுட்டேன்ல, இனி திரைய நம்பலாம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மேனேஜர்ட்ட எதுக்கு சொல்லணும்? நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று தோளில் தட்டினான். எனக்கு டீ வாங்கி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

என் வேலைக்கு இனி ஆபத்தில்லை என்பது அப்போதே தெரியும் சார். ஜன்னலிலிருந்து அந்தக் கதவு கூப்பிடு தூரம்தான். அவன் தாழ்ப்பாளை விலக்குவதைப் பார்த்தபடி டீயைக் குடித்து முடித்தேன்.